பொறியியல் கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்துவிட்டுத் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வுக்குத் தயாராகும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. தேதிகளும் நடைமுறையின் சிறு விவரங்களும் ஆண்டுக்காண்டு மாறும் என்பதால், அவற்றுக்கு அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

கட்-ஆஃப் மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 91 பெற்ற மாணவருக்கு 92 + 44 + 45.5, அதாவது 181.5 வரும். ஒரே கட்-ஆஃப் பெற்றவர்களுக்குள் யார் முன்னால் என்பதைக் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று படிப்படியாகப் பார்த்து முடிவு செய்வார்கள். பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால்தான், விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி குத்துமதிப்பாக ஒதுக்கும் சமவாய்ப்பு எண்ணுக்கு (ரேண்டம் எண்) வேலை வரும். ஆகவே, அந்தப் பத்து இலக்க எண் பெரிதாக வந்ததா, சிறிதாக வந்ததா என்று கவலைப்பட வேண்டிய அவசியம் அநேகமாக யாருக்கும் இல்லை.

எங்கள் கட்-ஆஃபுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும்?

ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் ஒவ்வொரு வகுப்பினருக்கும் முந்தைய ஆண்டு கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண் கலந்தாய்வு இணையதளத்தில் வெளியிடப்படுகிறது. அதைப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. முதலாவது, உங்கள் வகுப்புக்குரிய பத்தியை மட்டுமல்லாமல் பொதுப்பிரிவுப் பத்தியையும் பார்க்க வேண்டும். 69 விழுக்காடு இடஒதுக்கீடு போக மீதமுள்ள 31 விழுக்காடு எல்லா வகுப்பினருக்கும் திறந்தது.

இரண்டாவது, மதிப்பெண்ணைவிட தரவரிசை எண்ணை ஒப்பிடுவதே பாதுகாப்பானது. கணித வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் 190-க்கு மேல் பெறுபவர்கள் பெருகிவிடுவார்கள். முந்தைய ஆண்டு 185-க்குக் கிடைத்த இடம் இந்த ஆண்டு 189-க்குத்தான் கிடைக்கிறது என்றால், கல்லூரியின் மவுசு கூடியது என்று பொருளல்ல. 189 பெற்றவரின் ரேங்க் இப்போது பழைய 185-இன் இடத்தில் நிற்கிறது, அவ்வளவே. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஒரு பாடப்பிரிவில் ஒரு கல்லூரி இத்தனை இடங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-25 கல்வியாண்டு முதல் நீக்கியது. அதன்பின் பல கல்லூரிகள் கணினி சார்ந்த பிரிவுகளில் இடங்களை ஏராளமாகக் கூட்டிக்கொண்டன. இடம் கூடினால் கட்-ஆஃப் இறங்கும். அதனால் பழைய பட்டியலைப் பார்த்து “இது நமக்குக் கிடைக்காது” என்று ஒரு கல்லூரியை நீங்களே விலக்கிவிடாதீர்கள்.

விருப்பப் பட்டியலை எந்த வரிசையில் நிரப்ப வேண்டும்?

உண்மையான விருப்ப வரிசையில், வேறு எந்தக் கணக்கும் பார்க்காமல். மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2018-க்கு முன்பு மாணவர்கள் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் வந்து, திரையில் தெரியும் காலியிடங்களைப் பார்த்து, அந்த நிமிடத்தில் எஞ்சியிருந்த இடங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். என்ன கிடைக்கும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 2018-இல் இணையவழிக் கலந்தாய்வு வந்தபின் (2019 முதல் இதைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது) முன்கூட்டியே ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம்; நம் சார்பில் தேர்ந்தெடுப்பது கணினி. கணினிக்கு நம் மனம் தெரியாது. நாம் கொடுத்த வரிசை மட்டுமே தெரியும்.

கணினி செய்வது இதுதான்: ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்துக்கொண்டு, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, இடம் காலியாக இருக்கும் முதல் விருப்பத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குப் போகிறது. உங்கள் முறை முழுவதும் முடிந்த பிறகே உங்களுக்கு அடுத்த ரேங்க்கில் உள்ளவரின் பட்டியல் திறக்கப்படுகிறது. ஆகவே கிடைக்க வாய்ப்பில்லாத கல்லூரிகளை முதல் இருபது இடங்களில் வைத்தாலும் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்த இருபதையும் தாண்டிக் கணினி இருபத்தொன்றாவதற்கு வரும்போதும், உங்களுக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பார்.

இதை அறியாமல், “கிடைக்கக்கூடியதை மேலே போடு, இல்லாவிட்டால் அதுவும் போய்விடும்” என்று அக்கறையோடு அறிவுரை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதன் விளைவைப் பாருங்கள். 178 கட்-ஆஃப் பெற்ற ஒரு மாணவர் சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படிக்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது கிடைப்பது சந்தேகம் என்று கருதி, நிச்சயம் கிடைக்கும் என்று நம்பிய ஒரு சுயநிதிக் கல்லூரியை மூன்றாவதாகவும் சேலத்தைப் பன்னிரண்டாவதாகவும் வைக்கிறார். மூன்றாவது கிடைத்துவிடுகிறது. அந்த ஆண்டு சேலத்தில் அதே பிரிவு ரேங்க் பட்டியலில் அவருக்குப் பின்னால் உள்ள ஒருவருக்குப் போயிருக்கும். அதை இவர் பிறகுதான் அறிவார். முறையிட வழியில்லை, ஏனென்றால் கணினி அவர் கேட்டதையே கொடுத்திருக்கிறது.

வரிசையை முடிவு செய்ய எளிய வழி, எந்த இரண்டு விருப்பங்களை எடுத்தாலும் “இவ்விரண்டும் என் கையில் இருந்தால் எதில் சேருவேன்?” என்று கேட்டுக்கொள்வது. விடை எதுவோ அது மேலே. முந்தைய ஆண்டு கட்-ஆஃபுக்கு இந்த வரிசையில் வேலையே இல்லை. பட்டியலை எவ்வளவு தூரம் கீழே நீட்டுவது என்பதை முடிவு செய்ய மட்டுமே அது உதவும்.

எத்தனை விருப்பங்களைக் கொடுக்கலாம்?

எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். உங்கள் ரேங்க்குக்கு நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய சில இடங்களும் அடியில் இருக்கும்வரை நீட்டுங்கள். சேரவே விரும்பாத கல்லூரியை மட்டும் “எதற்கும் இருக்கட்டும்” என்று சேர்க்காதீர்கள். அது கிடைத்துவிட்டால் மறுப்பதும் ஏற்பதும் இரண்டுமே சங்கடம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்துவிட்டது. “ஏற்கிறேன், மேல்நோக்கியும் காத்திருக்கிறேன்” என்பதைத் தரலாமா?

கிடைத்த இடத்துக்கு மேலே உங்கள் பட்டியலில் உள்ள எல்லா விருப்பங்களும் உங்களுக்கு உண்மையாகவே இதைவிடப் பிடித்தவை என்றால், தயங்காமல் தரலாம். அந்தச் சுற்றில் சிலர் இடத்தை மறுப்பதாலும் உறுதி செய்யாமல் விடுவதாலும் மேலே ஏதாவது காலியானால், உங்களை அங்கே நகர்த்துவார்கள். நகர்த்தப்பட்டதும் பழைய இடம் தானாகவே வேறொருவருக்குப் போய்விடும். “பழையதே நன்றாக இருந்தது” என்று திரும்பிவர முடியாது. வரிசை நேர்மையாக இருந்தால் இந்தக் கவலையே எழாது.

“மறுக்கிறேன், மேல்நோக்கிக் காத்திருக்கிறேன்” என்பது வேறு வகை. அதைத் தேர்ந்தெடுத்தால் கையிலிருக்கும் இடம் அப்போதே போய்விடும். மேலே எதுவும் காலியாகாவிட்டால் அந்தச் சுற்றில் வெறுங்கைதான். கிடைத்த இடத்தில் எக்காரணம் கொண்டும் சேர மாட்டோம் என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தால் தவிர, இந்தப் பக்கம் போக வேண்டாம். அடுத்த சுற்றுக்குப் போவதாகச் சொல்லி மறுப்பவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அடுத்த சுற்றில் புதிதாக இடங்கள் முளைப்பதில்லை, இந்தச் சுற்றில் எஞ்சியவைதான் அங்கே வரும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டொரு நாள் மட்டுமே தரப்படும் உறுதி செய்யும் அவகாசத்தைத் தவறவிடாமல் இருப்பது. திருவிழாவுக்கு ஊருக்குப் போனோம், சிக்னல் இல்லை என்ற காரணங்களைக் கணினி ஏற்காது.

நல்ல கல்லூரியில் பிடிக்காத பிரிவா, சுமாரான கல்லூரியில் பிடித்த பிரிவா?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை. என் கருத்து மாணவரைப் பொறுத்து இரண்டாகப் பிரிகிறது.

பதினேழு வயதில் பெரும்பாலான மாணவர்களுக்குப் “பிடித்த பிரிவு” என்பது பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வேலை கிடைத்த பிரிவுதான். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட விருப்பத்துக்காக ஒரு நல்ல கல்லூரியை விட்டுக்கொடுப்பது வீண். கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் போன்ற இடங்களில் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் உடன் படிப்பவர்களின் தரமும் மூத்த மாணவர்களின் வழிகாட்டலும் வளாகத்துக்கு வரும் நிறுவனங்களும் பொதுவாகக் கிடைக்கின்றன. மென்பொருள் சேவை நிறுவனங்கள் பிரிவு பார்க்காமல் ஆளெடுக்கும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அதிகச் சம்பளம் தரும் சில நிறுவனங்கள் மட்டும் கணினி, மின்னணுவியல், மின்னியல் மாணவர்களையே நேர்முகத்துக்கு அழைக்கும் என்பதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

மாணவருக்கு உண்மையான நாட்டம் இருந்தால் கதை வேறு. எட்டாம் வகுப்பிலிருந்து மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருக்கும் பையனையோ, தானே நிரல் எழுதிப் பழகிய பெண்ணையோ கல்லூரிப் பெயருக்காக வேறு பிரிவில் தள்ளுவது நான்காண்டுத் தண்டனை. அவர்களுக்குப் பிரிவுதான் முதலில், கல்லூரி இரண்டாவது.

இந்த விவாதத்தில் யாரும் கவனிக்காத ஒரு வழியும் உண்டு. அதிகம் பேர் தேடிப் போகாத சில சிறிய பிரிவுகள் மிகச் சிறந்த நிறுவனங்களுக்குள் இருக்கின்றன. 1944-இல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பம் இருக்கிறது. அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு நெருங்கிய தொடர்புள்ள படிப்பு அது. அங்கேயே பீங்கான் தொழில்நுட்பமும் உண்டு. கிண்டியில் அச்சு மற்றும் பொதிவுத் தொழில்நுட்பமும் புவித் தகவலியலும் இருக்கின்றன. எம்.ஐ.டி.யில் ரப்பர் மற்றும் நெகிழித் தொழில்நுட்பம் உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவன வளாகத்துக்குள்ளேயே இயங்கும் பி.டெக். படிப்புக்கும் இதே கலந்தாய்வில்தான் இடம் தரப்படுகிறது; மின்கலன்களும் மின்வாகனங்களும் பெருகும் காலத்தில் அந்தப் படிப்பின் பெயரையே கேள்விப்படாமல் பலர் கடந்துபோகிறார்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் ஒரு கல்லூரியின் சிறிய துறை, நேற்று பெயர் மாற்றிக்கொண்ட ஒரு கல்லூரியின் பெரிய துறையைவிட எத்தனையோ மடங்கு மேல்.

செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு என்று பல பெயர்களில் பிரிவுகள் உள்ளன. எதை எடுப்பது?

பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நான்கு பருவங்களில் தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், கணினி வலையமைப்பு, தரவுத்தளம் ஆகியவை முழுமையாக இருந்தால் எந்தப் பெயரும் சரிதான். அவற்றைச் சுருக்கிவிட்டுப் புதுப் பாடங்களை அடுக்கியிருந்தால் பழைய கணினி அறிவியலே மேல். புதிய பிரிவுகளைக் கற்பிக்க அந்தந்தத் துறையில் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் போதுமான எண்ணிக்கையில் இன்னும் உருவாகவில்லை. பல இடங்களில் கணினி அறிவியல் ஆசிரியர்களே எல்லாப் பலகைகளுக்குக் கீழும் வகுப்பெடுக்கிறார்கள். அரசுப் பணியைக் குறிவைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தேர்வாணைய அறிவிப்புகள் குறிப்பிட்ட பட்டப் பெயர்களைத்தான் கேட்கும். புதுப்பெயர் பட்டம் அவற்றுக்கு இணையானது என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று தேடி அலைய நேரிடலாம்.

தரவரிசை, நாக் மதிப்பீடு, என்.பி.ஏ. அங்கீகாரம், தன்னாட்சி ஆகியவற்றுள் எதை நம்புவது?

ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைச் சொல்கிறது. நாக் தருவது கல்லூரி முழுமைக்குமான மதிப்பீடு. என்.பி.ஏ. தருவது பாடப்பிரிவுக்கான அங்கீகாரம், ஒரே கல்லூரியில் இயந்திரவியலுக்கு இருந்து கணினிக்கு இல்லாமல் போகலாம், அதனால் “எங்கள் கல்லூரி என்.பி.ஏ. பெற்றது” என்று சொன்னால் எந்தப் பிரிவு, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்பாட்டில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினரானது. என்.பி.ஏ.யின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கு மட்டுமே அந்த உடன்பாட்டின் பயன் உண்டு. வெளிநாட்டில் பொறியாளராகப் பதிவு செய்ய எண்ணுபவர்களுக்கு இது பயன்படும்.

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. பொறியியல் பிரிவில் அதன் மதிப்பெண்ணில் 30 விழுக்காடு ஆராய்ச்சிக்குப் போகிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கை இளநிலை மாணவரின் வகுப்பறையை உடனே மாற்றிவிடுவதில்லை. நாற்பதாவது இடத்துக்கும் அறுபதாவது இடத்துக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை வைத்துக் கல்லூரியை முடிவு செய்ய வேண்டாம்.

தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டம், வினாத்தாள், விடைத்தாள் திருத்தம் எல்லாம் கல்லூரியின் பொறுப்பு; பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. நல்ல கல்லூரி கையில் தன்னாட்சி நல்ல கருவி. சுமாரான கல்லூரி கையில் அது தேர்ச்சி விழுக்காட்டை அழகாகக் காட்டும் வசதி. அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது; பல்கலைக்கழகமே வினாத்தாள் தயாரித்துத் திருத்தும் அந்தப் பட்டியலை ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் சொந்தக் கணக்கோடு ஒப்பிடுவது பொருந்தாது.

“90 விழுக்காடு வேலைவாய்ப்பு” என்ற விளம்பரத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

எதன் 90 விழுக்காடு என்று கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். என்.ஐ.ஆர்.எஃப்.-இல் பங்கேற்கும் கல்லூரி ஒவ்வொன்றும், ஓராண்டில் அனுமதிக்கப்பட்ட இடங்கள், சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், அவர்களின் இடைநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள் ஆகிய விவரங்களைத் தர வேண்டும். அந்த ஆவணம் பொதுவெளியில் கிடைக்கிறது. கல்லூரி தானே தரும் கணக்குதான் என்றாலும், விளம்பரத் தாளைவிட அதில் எச்சரிக்கை கூடுதலாக இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு: சேர்ந்தவர்கள் 480, உரிய காலத்தில் முடித்தவர்கள் 350, அரியர் இல்லாமல் வளாகத் தேர்வுக்குத் தகுதி பெற்றுப் பதிந்தவர்கள் 290, வேலை பெற்றவர்கள் 260. விளம்பரத்தில் 260-ஐ 290-ஆல் வகுத்து 90 விழுக்காடு என்று போடுவார்கள். 480-ஆல் வகுத்தால் அது பாதியைச் சற்றே தாண்டுகிறது. ஒருவருக்கே மூன்று பணி ஆணைகள் வந்திருந்தால் மூன்றாக எண்ணுவதும் உண்டு. பேனரில் சிரிக்கும் மாணவர் ஒருவர் பெற்ற ஆண்டுக்கு நாற்பது லட்சத்தைவிட, நடுவில் நிற்கும் மாணவர் பெற்ற இடைநிலைச் சம்பளம்தான் உங்கள் பிள்ளைக்குப் பொருந்தக்கூடிய எண்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நுழைவாயில் வளைவையும் குளிரூட்டப்பட்ட கருத்தரங்கக் கூடத்தையும் அவர்களே காட்டுவார்கள். நீங்கள் சேர நினைக்கும் துறையின் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கருவிகள் பக்கத்தில் பயன்பாட்டுப் பதிவேடு இருக்கும். கடைசிப் பதிவு எந்த மாதத்தில், அது மாணவரின் கையெழுத்தா, ஆய்வுக்குழு வருவதற்கு முன் ஒரே பேனாவால் ஒரே நாளில் நிரப்பியதா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கணினி ஆய்வகம் என்றால் இரண்டு இயந்திரங்களை இயக்கிப் பார்க்கக் கேட்கலாம். துறை வாசலில் உள்ள ஆசிரியர் பெயர்ப் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, அங்கே நிற்கும் மூன்றாமாண்டு மாணவரிடம் இவர்களில் யார் யார் வகுப்பெடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒரே ஆசிரியரின் பெயரைப் பல கல்லூரிகள் ஒரே நேரத்தில் தம் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டிய விவகாரத்தை 2024-இல் அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது நினைவிருக்கும்.

மாணவரிடம் பேச மிக ஏற்ற இடம் கல்லூரி வளாகமன்று. வெளியே உள்ள டீக்கடை. வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்பதைவிட, முதல் பருவக் கணிதத்தில் வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர், போன வாரம் எத்தனை வகுப்புகள் நடக்கவில்லை, ஹாஸ்டலில் கோடையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டால் மறைக்காத பதில் வரும்.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

அரசு ஒதுக்கீட்டில் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-இல் ஆண்டுக்கு 50,000 ரூபாயும் என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கு 55,000 ரூபாயும் நிர்ணயித்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அது முறையே 85,000, 87,000. நடப்புத் தொகையைச் சேரும் ஆண்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் குடும்பத்தின் பணம் போவது பெரும்பாலும் இந்த வரியில் அல்ல. பேருந்துக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ், பயிற்சிக் கட்டணம், சீருடை என்று தனித்தனி ரசீதுகளில் அது போகும். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சலுகைகளில் பல, கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே உரியவை. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகை அப்படிப்பட்டது. அது ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. “கலந்தாய்வு எதற்கு, நேரடியாகவே சேர்ந்துவிடுங்கள், கட்டணத்தைக் குறைத்துத் தருகிறோம்” என்று சொல்லும் கல்லூரி, எவ்வளவு குறைக்கிறது என்பதை இந்தச் சலுகைகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கலந்தாய்வுக்கு முன்பே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் முன்பணம் கட்டச் சொல்கிறது. கட்டலாமா?

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. அவற்றுக்குத் தனிச் சேர்க்கை, தனிக் கட்டணம். அங்கே படிக்கக் குடும்பத்தால் முடியும், பிரிவும் பிடித்திருக்கிறது என்றால் கட்டுவதில் தவறில்லை. கலந்தாய்வில் எதுவும் கிடைக்காது என்ற பயத்தால் மட்டும் கட்ட வேண்டாம். இடங்களுக்குப் பஞ்சமில்லை, ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வு முடிவில் ஏராளமான இடங்கள் நிரம்பாமலே நிற்கின்றன. கட்டினால் ரசீதும் திருப்பித் தரும் விதியின் நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். உரிய காலத்துக்குள் விலகும் மாணவருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மிகாமல் பிடித்தம் செய்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்பதும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் ஒழுங்குமுறை அமைப்புகளின் விதிகள். விதி இருந்தும் சான்றிதழுக்காக நடையாய் நடந்த பெற்றோர் உண்டு. அதனால் சரிபார்ப்புக்கு அசலைக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள்.

மகளை வெளியூர் ஹாஸ்டலுக்கு அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. வீட்டுக்கு அருகிலேயே சேர்க்கலாமா?

அருகில் நல்ல கல்லூரி இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் “அருகில்” என்பதைக் கிலோமீட்டரில் அளக்காமல் நேரத்தில் அளந்து பாருங்கள். காலை ஆறரைக்குக் கல்லூரிப் பேருந்தில் ஏறி இரவு ஏழுக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு ஆய்வகத்தில் கூடுதலாக இருக்கவோ, போட்டிகளில் கலந்துகொள்ளவோ, வளாகத் தேர்வுக்குத் தோழிகளோடு பயிற்சி செய்யவோ நேரமே இராது. அண்ணனுக்கு வெளியூர் ஹாஸ்டல், தங்கைக்கு உள்ளூர்ப் பேருந்து என்று ஒரே வீட்டில் இரண்டு அளவுகோல் வைப்பதும், அவளுடைய கட்-ஆஃப் கூடுதலாக இருந்தும் அப்படிச் செய்வதும் நியாயமாகாது. பெண்கள் விடுதியை அம்மாவும் மகளும் சேர்ந்து ஒருமுறை போய்ப் பார்த்து, அங்கே தங்கிப் படிக்கும் இரண்டு மாணவிகளிடம் பேசிவிட்டு வந்தால் தயக்கத்தில் பாதி தீர்ந்துவிடும்.

தமிழ்வழியில் படித்த மாணவர் ஆங்கிலத்தில் சமாளிக்க முடியுமா?

முடியும், முதல் ஆண்டு கடினமாக இருக்கும். கணிதத்தைவிட, ஆங்கிலத்தில் கேள்வியைப் புரிந்துகொள்வதில்தான் தடுமாற்றம் வரும். ஆகவே இவர்கள் கல்லூரியைப் பார்க்கும்போது, முதலாண்டில் இணைப்பு வகுப்புகள் உண்மையில் நடக்கின்றனவா, தமிழ்வழியில் வந்த மூத்த மாணவர்கள் துறையில் இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் அப்படிப்பட்டவர்கள் நிறைய இருப்பார்கள். அது பெரிய ஆறுதல். கட்டடவியலிலும் இயந்திரவியலிலும் 2010-இல் தமிழ்வழிப் பிரிவுகளை அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியது. மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருப்பதால், அரசுப் பணியை நோக்கிச் செல்பவர்கள் அதைப் பரிசீலிக்கலாம். பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருந்தால்தான் அந்த முன்னுரிமை செல்லும்.

ஒரு கல்லூரியின் ஆள் வீட்டுக்கே வந்து, பட்டியலைத் தாங்களே நிரப்பித் தருவதாகச் சொல்கிறார். சரியா?

கூடாது. அவர் நிரப்பும் பட்டியலில் முதல் இடத்தில் எந்தக் கல்லூரி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையும் அவரிடமோ, பிரௌசிங் சென்டர்காரரிடமோ, பள்ளியில் உதவ முன்வருபவரிடமோ கொடுக்காதீர்கள். வீட்டில் இணைய வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டந்தோறும் கலந்தாய்வு உதவி மையங்கள் இருக்கின்றன. அங்கே கட்டணம் இல்லை. முதலில் ஒரு நோட்டில் கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் பிரிவின் குறியீட்டையும் வரிசையாக மாணவரே தன் கையால் எழுதட்டும். ஒரே பெயரைச் சிறு மாற்றத்தோடு வைத்துக்கொண்ட கல்லூரிகள் பல இருப்பதால் பெயரை நம்பாமல் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சு செய்து, முடித்ததும் பட்டியலை அச்செடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டுவிட்டு, அதன் பிறகே இறுதி செய்யும் பொத்தானை அழுத்துங்கள்.